போஸ்ட்டாக் விண்ணப்பத்தின் முதல் பத்தி

போன மாதம் மட்டும் நான்கு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு எழுதியிருந்தார்கள். சர்வதேச உறவுகளிலோ பாதுகாப்பு ஆய்விலோ பி.எச்டி. முடித்துவிட்டேன், இல்லை இந்த வருடம் முடித்துவிடுவேன், வெளிநாட்டில் போஸ்ட்டாக் ஃபெலோஷிப், அதாவது பி.எச்டி.க்குப் பிறகு ஆய்வைத் தொடரக் கிடைக்கும் உதவித்தொகை, வாங்க என்ன செய்ய வேண்டும்? ஒருவர் மதுரை, ஒருவர் டெல்லியில் படிக்கும் தஞ்சாவூர்க்காரர், இருவர் தூத்துக்குடி. தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டாவது கடிதத்திலேயே முதல் கடிதத்தில் எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். இந்தத் துறையில் தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு, எனக்கு அந்த நேரத்தில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

என் கணக்கை முதலில் சொல்கிறேன். 2021இல் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவா முடிந்தது. அந்த வருட இறுதியில் 14 இடங்களுக்கு விண்ணப்பித்தேன், ஒரு இடத்திலிருந்துகூட நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த வருடம் 9 இடங்களுக்கு அனுப்பினேன், மூன்று நேர்காணல், ஒரு இடம் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கும் நடுவில் ஆய்வேடு மாறவில்லை. சி.வி.யில் கூடுதலாக ஒரே ஒரு கட்டுரை. மாறியது இரண்டு விஷயங்கள்: ஆய்வு முன்மொழிவின் முதல் பத்தி, பரிந்துரைக் கடிதங்கள். இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அந்த முதல் பத்தியைப் பற்றித்தான்.

என் ஆய்வு பாக் நீரிணையைப் பற்றியது. பாம்பனில் பிறந்தவனுக்கு வேறு எது தோன்றும். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் கடல் எல்லை போட்டன, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இன்னொரு ஒப்பந்தம், அதோடு சேர்ந்து பரிமாறிக்கொண்ட கடிதங்களில் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். இதன் பின்னணியைத் தேடி டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் எழுபதுக்கு மேற்பட்டவர்களைப் பேட்டி எடுத்தேன். அதனால் என் முதல் வருட முன்மொழிவு இப்படித் தொடங்கியது: 'இந்த ஆய்வு 1974, 1976 ஆண்டுகளின் இந்திய இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்களின் வரலாற்றுப் பின்னணியையும் தமிழக மீனவர்கள் மீதான அவற்றின் விளைவுகளையும் ஆராய்கிறது.'

பொய் ஒன்றும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. பதினான்கு இடங்களிலும் ஒதுக்கிவிட்டார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் எனக்கு நான்கு வருடம் மூத்த அக்கா ஒருவர் அப்போது ஐரோப்பாவில் போஸ்ட்டாக்கில் இருந்தார். அனுப்பியதையெல்லாம் அவரிடம் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "தம்பி, கச்சத்தீவு எங்கே இருக்கிறது என்று இதைப் படித்தால் நன்றாகத் தெரிகிறது. கச்சத்தீவைப் பற்றிக் கேள்வியே படாத ஒருத்தர் இதை ஏன் படிக்கணும் என்று மட்டும் நீ எங்கேயும் சொல்லவே இல்லையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடமாக ஆட்கள் சாகிறார்கள் அக்கா, படகு போகிறது, வாழ்க்கை போகிறது, இதைவிட என்ன காரணம் வேண்டும் என்று கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "அது உனக்கும் எனக்கும் காரணம். தேர்வுக் குழு மேசையில் இருப்பவர் சைப்ரஸைப் பற்றி ஆராய்கிறவர், பக்கத்தில் ஏவுகணை பற்றி ஆராய்கிறவர், அதற்குப் பக்கத்தில் சைபர் தாக்குதல். உன் கடலில் நடப்பதைப் படித்தால் அவர்களுடைய விஷயத்தில் அவர்களுக்கு என்ன புரியும்? அதை எழுது."

ஒரு வாரம் எதுவும் எழுத முடியவில்லை. அப்புறம் கேள்வியைத் திருப்பிப் பார்த்தேன். நாடுகளுக்குள் எல்லைத் தகராறு தீர்ந்தால் அமைதி வரும் என்பது எங்கள் துறையில் நீண்ட காலமாகப் பேசப்படும் வாதம், அதற்கு நிறையச் சான்றும் இருக்கிறது. பாக் நீரிணையில் எல்லைத் தகராறு 1974, 1976 ஒப்பந்தங்களோடு தீர்ந்துவிட்டது. இரண்டு அரசுகளும் கோட்டை ஏற்றுக்கொண்டன, யாரும் படை அனுப்பவில்லை. ஆனாலும் கைதும் துப்பாக்கிச் சூடும் படகுப் பறிமுதலும் நிற்கவே இல்லை. அப்படியானால், தீர்ந்த எல்லையில் ஏன் வன்முறை தொடர்கிறது? இந்தக் கேள்வி பாம்பனுக்கு மட்டும் சொந்தமானது இல்லை.

இப்படிக் கேட்டவுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடங்கள் தானாகக் கண்ணில் பட்டன. அதே 1974இல் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் ஒரு உடன்பாடு செய்துகொண்டன, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான ஆஷ்மோர் பவளத்திட்டைச் சுற்றிப் பாரம்பரிய முறையில் மீன் பிடிக்கும் இந்தோனேசிய மீனவர்கள் தொடர்ந்து வரலாம் என்று அதில் இருக்கிறது. சீனாவும் வியட்நாமும் டோங்கின் வளைகுடாவில் 2000 டிசம்பரில் எல்லை ஒப்பந்தம் போட்டபோது கூடவே மீன்பிடி ஒப்பந்தம் ஒன்றையும் போட்டன, எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒரு பொது மீன்பிடிப் பகுதி ஒதுக்கினார்கள், இரண்டும் 2004இல் நடைமுறைக்கு வந்தன. ஒரே மாதிரிக் கோடு, மூன்று விதமான ஏற்பாடு. இதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் நடத்தும் மோதல் தரவுத்தளத்தைத்தான் இந்தத் துறையில் பெரும்பாலானோர் எடுத்தாள்கிறார்கள். ஒரு வருடத்தில் 25 சாவு என்ற கோட்டைத் தாண்டினால்தான் அதில் ஒரு மோதல் இடம்பெறும். அரசோ ஆயுதக் குழுவோ பொதுமக்களைக் கொல்வதைக் கணக்கெடுக்கும் பட்டியலுக்கும் அதே 25தான். ஒரு அளவு வைத்தால்தான் உலகம் முழுக்க ஒரே மாதிரி எண்ண முடியும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் என்று பல பத்தாண்டுகள் தொடரும் வன்முறை அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடக்கும், தரவில் அந்தக் கடல் அமைதியான கடல். தங்கச்சிமடத்தில் ஒரு பாட்டி தன் மகனின் படகு எண்ணை மனப்பாடமாகச் சொன்னதைக் கேட்டவன் நான். அந்தப் படகு எந்த அட்டவணையிலும் வராது என்பதை முன்மொழிவில் ஒரே வாக்கியத்தில் எழுதினேன். நேர்காணல் நடந்த மூன்று இடங்களிலும் அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.

சரி, யார் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? இந்த ஃபெலோஷிப்புகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் இது புரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உள்ள பாதுகாப்பு ஆய்வு மையங்களில் பெரியவை பலவும் அணு ஆயுதப் பயத்தில் பிறந்தவை. 1970களில் ஃபோர்டு அறக்கட்டளை ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., கார்னெல் போன்ற இடங்களில் ஆயுதக் கட்டுப்பாட்டு ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. அந்த அறக்கட்டளையின் தலைவராக அப்போது இருந்தவர் மெக்ஜார்ஜ் பண்டி, அதற்கு முன் கென்னடிக்கும் ஜான்சனுக்கும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். ஹார்வர்டின் பெல்ஃபர் மையத்தைத் தொடங்கியவர் பால் டோட்டி என்ற உயிர்வேதியியலாளர். ஸ்டான்ஃபோர்டின் சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வு மையமான சிசாக்கை உருவாக்கிய இருவரில் ஜான் லூயிஸ் சீன அரசியல் படித்தவர், சிட்னி டிரெல் இயற்பியலாளர். பிரின்ஸ்டனில் அறிவியலும் உலகப் பாதுகாப்பும் பற்றிய திட்டத்தை 1974இல் தொடங்கிய ஃபிராங்க் வான் ஹிப்பெலும் ஹெரால்டு ஃபைவ்சனும் வந்த வழியைப் பார்த்தாலும் அங்கே அறிவியலுக்குத்தான் முதல் இடம். இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தை வாசிப்பவர்களில் ஒருவர் யுரேனியம் செறிவூட்டலைக் கணக்குப் போடுகிறவராக இருக்கலாம். கட்டுமானவாதம், யதார்த்தவாதம் என்று நம் துறையின் கோட்பாட்டுப் பெயர்களோடு முதல் பத்தியிலேயே தொடங்கினால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். நம் ஊரில் எம்.ஏ. முதல் நாளிலிருந்து எந்தக் கோட்பாட்டுக் கூண்டில் நிற்கிறாய் என்று கேட்டே பழக்கிவிட்டார்கள், அதனால் அதைத்தான் முதலில் எழுதுகிறோம். அதை மூன்றாவது பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

இந்த உலகத்துக்கும் நமக்கும் ரொம்பத் தூரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தியாவின் அணுக் கொள்கைச் சிந்தனையில் பெரிய இடம் பிடித்த கே. சுப்பிரமணியம் 1929இல் திருச்சியில் பிறந்தவர், சென்னையில் வேதியியல் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர். 1960களின் நடுவில் ராக்ஃபெல்லர் ஃபெலோஷிப்பில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போனார், திரும்பி வந்து 1968இல் டெல்லியில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.டி.எஸ்.ஏ.வின் இயக்குநரானார். அது போஸ்ட்டாக் இல்லை, அவர் பி.எச்டி. செய்தவரும் இல்லை. ஆனால் அலுவலகத்தை விட்டு விலகி உட்கார்ந்து படிக்க ஒருவருக்குக் கொஞ்ச காலம் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அடுத்து பரிந்துரைக் கடிதம். இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் வருத்தம் வேண்டாம். நம் ஊரில் கைடிடம் கடிதம் கேட்டால் 'நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்பது சாதாரணம். மாணவனும் தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதக் கூச்சப்பட்டு, கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர் என்று எழுதிக் கொண்டு போவான். தேர்வுக் குழுவுக்கு அந்தக் கடிதத்தால் ஒரு உபயோகமும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு: இந்த ஆய்வில் புதிதாக என்ன இருக்கிறது, எந்த அத்தியாயம் வலுவானது, இதற்கு முன் தான் வழிகாட்டிய மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார், இந்த மையத்துக்கு ஏன் பொருந்துவார். இரண்டாவது வருடம் என் கைடிடம் போய், "சார், நானே எழுதினால் எடுபடாது, நீங்கள்தான் எழுத வேண்டும். நான் குறிப்பு மட்டும் தருகிறேன்" என்று சொல்லி, இரண்டு பக்கத்தில் ஆய்வேட்டின் வாதம், ஒவ்வொரு காப்பகத்திலும் கிடைத்த முக்கியமான கோப்பு, அடுத்த ஒரு வருடத் திட்டம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் முன்னால். அவர் தயங்காமல் உட்கார்ந்து எழுதினார். அவருக்கு மனமில்லாமல் இல்லை, அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மூன்று கடிதத்தில் ஒன்றாவது உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். அது யாரிடமிருந்து கிடைக்கும் என்று கேட்பீர்கள். மாநாட்டில் உங்கள் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொன்னவரிடமிருந்து. இணையவழிக் கருத்தரங்கில் ஒரு முறை கேள்வி கேட்டவருக்கு நன்றி எழுதி, திருத்திய வடிவத்தை ஆறு மாதம் கழித்து அனுப்பினால் பெரும்பாலானவர்கள் படிப்பார்கள். என் மூன்றாவது கடிதம் அப்படி வந்ததுதான், அவரை நான் நேரில் பார்த்தது அமெரிக்கா போன பிறகுதான்.

நேர்காணல் அரை மணி நேரம், ஜூமில். இரண்டு கேள்விகள் எங்கேயும் வரும். ஒன்று, ஒரு வருடத்தில் எதை முடிப்பீர்கள்? புத்தகமும் மூன்று கட்டுரையும் என்று சொல்லாதீர்கள், நம்ப மாட்டார்கள். எந்த அத்தியாயம் எந்த இதழுக்குக் கட்டுரையாகப் போகும், எந்த மாதம் என்று சொல்லுங்கள். இன்னொன்றுதான் என்னை முதல் நேர்காணலில் திணற அடித்தது. எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் வாதம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? எட்டு வருடம் ஒரு விஷயத்தோடு வாழ்ந்தவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன், அந்த இடம் கிடைக்கவில்லை.

அன்று இரவே உட்கார்ந்து யோசித்தேன். மீனவர்களின் பழக்கத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்த இடங்களில் வன்முறை குறைய வேண்டும் என்பதுதான் அதுவரை என் வாதம். அப்படியானால் ஆஸ்திரேலியா எனக்கு எதிரான சான்று. உடன்பாடு இருந்தும் அங்கே இந்தோனேசியப் படகுகளைப் பிடித்தார்கள், எரித்தார்கள். ஏன்? உடன்பாடு பாய்மரப் படகையும் பழைய முறையையும் மட்டும்தான் அனுமதித்தது, படகுகளோ மாறிவிட்டன. திரும்பி நம் கடலைப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம் என்கிறது, ஆறாவது பிரிவு இரு நாட்டுக் கலங்களும் ஒருவர் கடலில் இன்னொருவர் பாரம்பரியமாக அனுபவித்து வந்த உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. 'முன்போல' என்றால் எந்தப் படகு? வத்தையும் வள்ளமும் போன கடலில் இன்று போவது இழுவைப் படகு. கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் அந்த வலையால் முதலில் அடிவாங்குவது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் மீனவர்கள், அவர்களும் தமிழர்கள். இழுவை மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பக்கத்தில் மட்டும் பேட்டி எடுத்து எழுதிய என் ஆய்வேட்டில் இந்தப் பாதி மெலிந்து கிடந்தது, அதை அந்தக் கேள்விதான் எனக்குக் காட்டியது. ஒப்பந்தம் ஒரு காலத்துப் படகை எழுதிவைக்கிறது, படகு மாறுகிறது, சண்டை அந்த இடைவெளியில் பிறக்கிறது. என் வாதம் அதற்குப் பிறகு இப்படி ஆனது. இரண்டாவது நேர்காணலிலும் மூன்றாவதிலும் இதைத்தான் சொன்னேன், மூன்றாவது இடம் எடுத்துக்கொண்டது.

2023 ஆகஸ்டில் அமெரிக்கா போனேன். பணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். ஃபெலோஷிப் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் முதல் தொகை கையில் வருவதற்கு முன் விமான டிக்கெட், விசாக் கட்டணம், அதற்கு மேல் ஜே-1 என்ற ஆய்வாளர் பரிமாற்ற விசாவுக்கான 220 டாலர் செவிஸ் பதிவுக் கட்டணம், வீட்டுக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும், கட்டாய மருத்துவக் காப்பீடு எல்லாம் உங்கள் பணத்தில். பி.எச்டி. முடித்து ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தவனிடம் அது எங்கே இருக்கும். சித்தப்பாவிடம் மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு போனேன், முதல் தொகை வந்தது இரண்டாவது மாதக் கடைசியில். உத்தரவுக் கடிதம் வந்தவுடனேயே மூன்று விஷயங்களை எழுதிக் கேளுங்கள்: இது சம்பளமா, ஸ்டைபெண்ட் என்ற உதவித்தொகையா? காப்பீடு இதில் அடங்குமா? முதல் தொகை எந்தத் தேதியில் வரும்? கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று நான் கேட்காமல் இருந்தேன். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வரிக்கும் ஒரு வார்த்தை: இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இரண்டு வருடத்துக்குச் சலுகை தருகிறது, அது உங்களுக்குப் பொருந்துமா என்று பல்கலைக்கழகத்தின் வரிப் பிரிவில் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

ஜே-1 விசா பற்றிப் பழைய பதிவுகளைப் படித்துப் பயந்து ஒருவர் கேட்டிருந்தார், இரண்டு வருடம் இந்தியாவுக்குத் திரும்பியே ஆக வேண்டுமா என்று. எந்த நாட்டுக்கு எந்தத் துறை ஆட்கள் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் திறன் பட்டியல் காரணமாக வந்த அந்த நிபந்தனையிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஃபுல்பிரைட் மாதிரி அரசுப் பணத்தில் போனால் நிபந்தனை இப்போதும் உண்டு. அது தனி, 24 மாதத் தடை தனி. ஆய்வாளர் பிரிவில் போய் அந்தத் திட்டம் முடிந்துவிட்டால் 24 மாதத்துக்குள் அதே பிரிவில் புதிதாகத் தொடங்க முடியாது. முதல் வருடத்தோடு முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, அடுத்த வருடம் இன்னொரு அமெரிக்க மையத்துக்குப் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே கழித்த இரண்டு வருடம் என் வாழ்க்கையில் மிக நல்ல வருடங்கள். வாரத்துக்கு ஒரு கருத்தரங்கு, கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள், எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள், உண்மையிலேயே படித்துவிட்டு வருவார்கள். முதல் முறை என் அத்தியாயத்தை வைத்தபோது ஒரு மணி நேரத்தில் என் வாதத்தில் இருந்த ஏழு ஓட்டைகளைக் காட்டினார்கள், முடிந்ததும் இருவர் தனித்தனியாக வந்து தங்கள் குறிப்புகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடுமையாகப் பேசினார்கள், ஒருவர்கூட அவமானப்படுத்தவில்லை. அது இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

ஆனால் 2025 தொடக்கத்தில் எல்லாம் ஆட்டம் கண்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 1968இல் உருவாக்கிய ஆய்வு நிறுவனமான வில்சன் மையம், 1984இல் உருவாக்கிய அமைதி நிறுவனம், இரண்டையும் சில வாரங்களுக்குள் முடக்கினார்கள். பாதுகாப்புத் துறை 2008 முதல் சமூக அறிவியலுக்குப் பணம் கொடுத்துவந்த மினர்வா திட்டத்தையும் நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் அந்த மார்ச், ஏப்ரலில் ஒரே நாளில் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து எல்லாவற்றையும் இழந்தார்கள். அணு ஆயுத ஆய்வில் இருப்பவர்களுக்கு அடி இன்னும் முன்னாலேயே விழுந்துவிட்டது, அந்தத் துறைக்கு மிகப் பெரிய அளவில் பணம் கொடுத்துவந்த மெக்ஆர்தர் அறக்கட்டளை விலகப்போவதாக 2021லேயே அறிவித்துவிட்டது. ஸ்டான்டன் அறக்கட்டளை மாதிரிச் சில இருக்கின்றன, சி.பி.எஸ். தொலைக்காட்சியின் தலைவராக இருந்த ஃபிராங்க் ஸ்டான்டன் பெயரில் உள்ளது, அணுப் பாதுகாப்புக்கென்று தனி ஃபெலோஷிப் கொடுத்துவந்தது. ஆனால் ஒரு கதவு மூடினால் எல்லோரும் மீதிக் கதவுகளில்தான் நெருக்குவார்கள்.

அதனால் ஐரோப்பாவையும் கட்டாயம் பாருங்கள். ஃபிளாரன்சில் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தின் மாக்ஸ் வெபர் திட்டம் 2006 முதல் நடக்கிறது, எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி அக்டோபரில் வரும். பெரியது ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் மேரி கியூரி ஃபெலோஷிப். அதில் நீங்களும் உங்களை ஏற்கும் நிறுவனமும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், பி.எச்டி. முடித்து எட்டு வருட ஆய்வு அனுபவத்துக்குள் இருக்க வேண்டும், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. நான் எழுதியபோது முக்கியப் பகுதி பத்துப் பக்கம், மதிப்பெண்ணில் பாதி ஆய்வின் தரத்துக்கு, 30 சதவீதம் விளைவுக்கு, 20 சதவீதம் நடைமுறைத் திட்டத்துக்கு. நம்மவர்கள் பத்தில் எட்டுப் பக்கத்தை முதல் பகுதிக்கே கொடுத்துவிட்டு மீதியை அவசரமாக முடிக்கிறார்கள், 50 மதிப்பெண் அங்கேதான் போகிறது. 70க்குக் கீழே வாங்கினால் அடுத்த வருடம் அதே நிறுவனத்தோடு விண்ணப்பிக்க முடியாது என்ற விதியும் அப்போது இருந்தது, ஆகவே அரைகுறையாக அனுப்பிப் பார்ப்போம் என்ற எண்ணம் வேண்டாம். அறிவிப்பில் போட்டிருக்கும் மாதத் தொகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், நிறுவனம் கட்ட வேண்டிய பங்கும் வரியும் அதற்குள்ளேயே அடக்கம்.

2024இல் மேரி கியூரிக்கு 10,360 பேர் விண்ணப்பித்தார்கள், 1,696 பேருக்குக் கிடைத்தது. அதில் நான் ஒருவன். அடுத்த வருடம் விண்ணப்பங்கள் 17,058 ஆனது. ஒரே வருடத்தில். அமெரிக்காவில் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது நார்வேயில் இருக்கிறேன். ஏன் நார்வே என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் சேர்ந்து கேரளக் கரையில், கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில், ஒரு மீன்பிடித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். இயந்திரப் படகு நம் கரைகளுக்குப் பெரிய அளவில் வந்த கதையில் அந்தத் திட்டத்துக்கு முக்கியமான இடம் உண்டு. படகு மாறியதுதான் சண்டைக்குக் காரணம் என்று சொல்கிறவன், படகு எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்க முடியுமா. அதன் கோப்புகள் இங்கே தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் இந்த நாட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு என்னிடம் இரண்டு வரியில் பதில் இருந்தது, வேறு எந்த நாட்டின் பெயரைப் போட்டாலும் அந்தப் பதில் பொருந்தாது. உங்கள் விண்ணப்பத்தையும் இந்தச் சோதனைக்கு வைத்துப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதினாலும் பத்தி அப்படியே நிற்கிறது என்றால் அதைத் திரும்ப எழுத வேண்டும்.

தமிழ் தெரிந்திருப்பதை சி.வி.யின் கடைசி வரியில் மொழிகள் என்ற தலைப்பில் ஒளித்து வைக்காதீர்கள். இரண்டு கரையிலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக்கூடிய ஆய்வாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதை ஆய்வு முறை பற்றிய பத்தியிலேயே எழுதுங்கள், எத்தனை பேட்டி, எந்த ஊரில், எந்தப் பேச்சு வழக்கில் என்று. இந்தியாவிலேயே இருந்து செய்ய விரும்புகிறவர்களுக்கு சமூக அறிவியல் ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., யு.ஜி.சி. ஆகியவற்றின் திட்டங்களும் பெங்களூருவில் நியாஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் உள்ள பாதுகாப்பு ஆய்வுத் திட்டமும் இருக்கின்றன. முன்மொழிவு எழுதும் விதம் அங்கேயும் இதேதான்.

தூத்துக்குடிக்காரர்கள் இருவரும் தங்கள் முன்மொழிவை அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் துறைமுகங்களைப் பற்றி, ஒருவர் கடலடிக் கேபிள்களைப் பற்றி. இரண்டிலும் நல்ல விஷயம் நான்காவது பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை மேலே கொண்டு வந்து முதல் பத்தியை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள்.